கட்சிக்காரரைக் கூண்டில் ஏற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்சீப் கோர்ட்டிலும் சப் கோர்ட்டிலும் இப்போது சாட்சி விசாரணை நடத்தும் இளைய வக்கீல்களுக்குச் சட்டம் நன்றாகத் தெரிகிறது. கேட்ட நொடியில் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் சொந்தக் கட்சிக்காரரைக் குறுக்கு விசாரணைக்குத் தயார் செய்வதில் மட்டும், எங்கள் காலத்து ஜூனியர்கள் செய்த அதே தவறுகள் அப்படியே தொடர்கின்றன. நேரத்துக்கு வரவேண்டும், செல்போனை அணைக்கவேண்டும் என்பதையெல்லாம் குமாஸ்தாவே சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன். வழக்கையே சாய்த்துவிடும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றிலும் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன், ஏனென்றால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது

2002 ஜூலை 1 முதல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 4-ன்படி முதல் விசாரணை, அதாவது சொந்த வக்கீலின் கேள்விகளுக்குச் சாட்சி சொல்லும் பகுதி, பிரமாண வாக்குமூலமாகத்தான் தாக்கலாகிறது. நாம் ப்ரூஃப் அஃபிடவிட் என்று சொல்லும் நிரூபண வாக்குமூலம் அதுதான். அதற்கு முன் வாதி கூண்டில் ஏறி, தன் வக்கீல் கேட்கக் கேட்க வாயால் சொல்லவேண்டும். அதனால் முந்தின நாளாவது அவரை ஆபீசில் உட்காரவைத்துக் கதையை முழுவதும் கேட்டே ஆகவேண்டும். வேறு வழியில்லை. அஃபிடவிட் வந்தது, அந்த உட்கார்தல் போனது.

இப்போது நடப்பது இதுதான். கம்ப்யூட்டரில் பிராதை, அதாவது வழக்குத் தொடுத்த மனுவைத் திறப்பது, 'வாதி' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றுவது, கடைசியில் சான்றாவணப் பட்டியலைச் சேர்ப்பது, பிரிண்ட் எடுப்பது. கட்சிக்காரர் வருகிறார். "ஐயா, இங்க, இங்க, இங்க" என்று பக்கத்துக்குப் பக்கம் விரலால் காட்டிக் கையெழுத்து வாங்கி, "வாய்தாவுக்கு வந்துடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பிரதிவாதி நிலத்தில் தலையிடக்கூடாது என்று தடை கேட்கும் ஒரு நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்கில் இதன் விலையைக் கண்ணால் பார்த்தேன். வாதி அறுபது வயதைத் தாண்டிய விவசாயி. கிரயப் பத்திரம், பட்டா, கிஸ்தி (நிலவரி) ரசீது எல்லாம் அவர் பெயரில். வலுவான வழக்கு. பிராதில் வழக்குப் போடக் காரணமான சம்பவத்தைச் சொல்லும் பத்தியில், மார்ச் 10-ம் தேதி காலை 9 மணிக்குப் பிரதிவாதி ஆட்களுடன் வந்து வேலியைப் பிடுங்க முயன்றார், அக்கம்பக்கத்தார் உதவியுடன் வாதி தடுத்து நிறுத்தினார் என்று எழுதியிருந்தது. நாம் எல்லோரும் எழுதும் அதே வாக்கியம். அஃபிடவிட்டில் அது 'நான் தடுத்து நிறுத்தினேன்' என்று ஆகிவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. குரலை உயர்த்தவே இல்லை. "உதவிக்கு யார் யார் வந்தாங்க, பெரியவரே?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "நான் அன்னிக்கு ஊர்லயே இல்லீங்க. திருப்பூர்ல மக வீட்ல இருந்தேன். பையன்தான் போன்ல சொன்னான்."

அடுத்த நான்கைந்து கேள்விகளில் எல்லாம் முடிந்தது. டைப் ஆனது இப்படி: 'மார்ச் 10-ம் தேதி நான் ஊரில் இல்லை. சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை. என் நிரூபண வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வக்கீல் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டேன்.'

இதில் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லும் பொய்யில்லை. வேலியைப் பிடுங்க வந்ததும் உண்மை, தடுத்ததும் உண்மை. தடுத்தவர் மகன். மகனை இரண்டாம் சாட்சியாகப் போட்டு அந்த ஒரு பத்தியை அவர் வாயால் சொல்லவைத்திருந்தால் போதும். அதைச் செய்யாததால், சத்தியம் செய்து பொய் சொன்னவர் என்ற பெயர் நேர்மையான ஒரு மனிதருக்கு வந்தது. வழக்குத் தள்ளுபடியானது. அப்பீலில் அவர் எத்தனை வருடம் அலையப்போகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விதி 4-ன்படி அஃபிடவிட்டின் நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். அவர்கள் அதைப் பிராதோடும், வழக்குக்கு முன் நீங்கள் அனுப்பிய நோட்டீஸோடும் வரிவரியாக ஒப்பிட்டு, சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். முன்பு எழுத்தில் சொன்னதைக் காட்டி முரண்பாட்டைக் கேட்கச் சட்டமே இடம் தருகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது பிரிவு 145. 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் பிரிவு 148. வாக்குமூலத்தை எதிரி மனப்பாடமாகப் படித்திருக்க, கொடுத்தவர் ஒருமுறைகூடப் படிக்காமல் கூண்டில் ஏறுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரி, எப்படிச் செய்வது? வரைவை எடுத்துக்கொண்டு கட்சிக்காரரோடு உட்காருங்கள். நீங்கள் சத்தமாகப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரே கேள்வி: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" கண்ணால் பார்த்ததா, யாராவது சொன்னதா, பத்திரத்தில் இருப்பதா என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். 'யாரோ சொன்னது' என்று குறித்ததை அஃபிடவிட்டிலிருந்து எடுத்துவிட்டு, சொன்னவரைச் சாட்சியாகப் போடுங்கள். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்கவேண்டும் என்பது பழைய பிரிவு 60, புதிய பிரிவு 55. கட்சிக்காரருக்கு எழுத்து வாசனை இல்லையென்றால் இது இன்னும் கட்டாயம். படித்துக் காட்டிப் புரியவைத்தேன் என்ற குறிப்பு, உண்மையிலேயே படித்துக் காட்டிய பிறகுதான் வரவேண்டும். கையெழுத்து எல்லாவற்றுக்கும் கடைசி. சிக்கலில்லாத வழக்குக்கு இரண்டு மணி நேரம் போதும். அந்த நேரம் இல்லை என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"ஆமாம்", "இல்லை" என்று மட்டும் சொல்லப் பழக்குவது

கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள் என்று எல்லோரும் சொல்லித்தருகிறோம். நல்லதுதான். ஆனால் நம் கோர்ட்டில் வாக்குமூலம் பெரும்பாலும் கேள்வி பதிலாகப் பதிவாவதில்லை; சாட்சியே சொன்னதுபோலத் தொடர் உரையாகப் பதிவாகிறது. நீளமான கேள்விக்கு ஒரு "ஆமாங்க" சொன்னால், கேள்வி முழுவதும் சாட்சியின் வாயில் வந்து உட்கார்ந்துவிடும்.

எதிர்மறைக் கேள்வி அதைவிட ஆபத்து. "தாவா சொத்து உங்க அனுபவத்துல இல்லைன்னு சொல்றேன்" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். (தாவா சொத்து என்றால் வழக்கில் உள்ள சொத்து, அனுபவம் என்றால் அதைக் கைவசம் வைத்து ஆளுவது.) நம் ஆள் பதறிப்போய் "இல்லைங்க, இல்லைங்க" என்பார். அவர் மறுக்கிறார் என்று நமக்குத் தெரியும். நீதிபதி கவனமாக இருந்தால் 'என் அனுபவத்தில் இல்லை என்று சொன்னால் சரியல்ல' என்று பதிவாகும். இரைச்சலும் அவசரமும் உள்ள நாளில் 'இல்லை என்று சொன்னால் சரிதான்' என்று டைப் ஆகிவிடவும் கூடும். இப்படிப்பட்ட கேள்வி வந்தால் முழு வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள்: "நிலம் என் அனுபவத்துலதான் இருக்கு." ஆபீசில் இதை நான்கைந்து முறை கேட்டுப் பார்க்கவேண்டும், ஏனென்றால் வாய் பழகாமல் வராது. கேள்வியின் வடிவமே பின்னால் முக்கியமாகும் என்று தோன்றினால், அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதிவு செய்யும்படி கட்டளை 18 விதி 10-ன் கீழ் நீதிபதியிடம் கேளுங்கள்.

அப்புறம், 'தெரியாது' வேறு, 'ஞாபகம் இல்லை' வேறு. தன் கல்யாணத் தேதிக்கு 'தெரியாது' என்பவரை யாரும் நம்பமாட்டார்கள். இந்த வித்தியாசத்தைக் கட்சிக்காரருக்கு விளக்கிச் சொல்லுங்கள்.

பத்திரத்தைக் கூண்டில்தான் முதல்முறை பார்ப்பது

சொந்த நிலம் கட்சிக்காரருக்குக் காலால் தெரியும், காகிதத்தில் தெரியாது. அவர் 46 சென்ட் என்று சொல்வார், பட்டாவில் 0.18.50 ஹெக்டேர் என்று இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கூண்டில் நின்றுகொண்டு யாராலும் கணக்குப் போட முடியாது. நான்கெல்லையும் அப்படித்தான். பத்திரம் எழுதிய காலத்தில் வடக்கே இருந்தவர் இறந்துபோயிருப்பார். பத்திரத்தில் அவர் பெயர் இருக்கும், நம் ஆள் அவருடைய மகன் பெயரைச் சொல்வார். எல்லையே தெரியாதவர் என்று வாதம் வரும். ஒவ்வொரு சான்றாவணத்தையும் அவர் கையில் கொடுத்து, இது என்ன, யார் கையெழுத்து, பழைய எல்லைக்காரரின் வாரிசு இப்போது யார் என்று பேசிவிடுங்கள்.

வாதிக்குப் பதில் பவர் ஏஜென்ட்

வாதி வெளிநாட்டில் இருக்கிறார், மச்சான் பவர் (அவர் சார்பில் செயல்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்திருக்கிறார், அவரையே ஏற்றிவிடலாம் என்கிறார்கள். ஜான்கி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முகவர் தான் செய்த காரியங்களைப் பற்றிச் சாட்சி சொல்லலாம், பவர் கொடுத்தவருக்கு மட்டுமே நேரில் தெரிந்ததை அவருக்காகச் சொல்ல முடியாது. கிரய ஒப்பந்த வழக்கில், பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் இருந்தேன் என்று மச்சான் எப்படிச் சொல்வார்?

மனப்பாடம் செய்யவைப்பது

பதிலை எழுதிக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்வது தயாரிப்பு ஆகாது. அது பொய்ச் சாட்சியில் போய் முடிந்தால், நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியம் அளிப்பதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேள்வியின் வரிசை மாறியதுமே ஒப்பித்தவர் தடுமாறுவார் என்பது தனி. ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். "கோர்ட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி வக்கீல்கிட்ட பேசினீங்களா?" என்று கேட்டால், "பேசினேன்" என்பதுதான் பதில். தப்பு செய்துவிட்டதாகப் பயந்து "இல்லைங்க" என்று சொல்லி, தேவையே இல்லாத ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

வக்கீலின் முகத்தைப் பார்ப்பது

பார்க்கவே கூடாது. நீதிபதி அதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்.

கோபம்

எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தேவையே அதுதான்.

மறு விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

முடியாது. குறுக்கு விசாரணை முடிந்ததும் நம் சாட்சியை நாமே மறுபடி கேட்பதுதான் மறு விசாரணை; குறுக்கு விசாரணையில் வந்த விஷயத்தை விளக்குவதற்குத்தான் அது. புதிதாக ஒன்றைக் கேட்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்புக்கு மறுபடியும் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை வந்துவிடும். அதைவிட, அன்றைய வாக்குமூலம் டைப் ஆகி வந்ததும் கட்சிக்காரர் கையெழுத்துப் போடுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். 'சரிதான்', 'சரியல்ல' மாறியிருந்தால் பென்ச் கிளார்க்கிடம் முணுமுணுக்காமல், அப்போதே எழுந்து நின்று நீதிபதியிடம் சொல்லுங்கள்.