குண்டு பல்பில் கைவினை: எதைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது

புரட்டாசி பிறந்தால் கொலுப் பூங்காவுக்காகப் பழைய பல்பு தேடுவார்கள். மோட்டார் கொட்டகை, மாட்டுக் கொட்டில், பரண் என்று பியூஸ் போன பல்புகள் எல்லாம் ஒரே கூடைக்கு வந்து சேரும். அவற்றை வகை பிரிப்பதுதான் முதல் வேலை. திறக்கத் தகுந்தது ஒன்றுதான்: உள்ளே கம்பிச்சுருள் தெரிகிற, பூச்சில்லாத குண்டு பல்பு. 60 அல்லது 100 வாட்ஸ் என்றால் கை வேலைக்கு வாகாக இருக்கும். உட்பக்கம் கறுத்துப்போனதை எடுக்காதீர்கள். அது டங்ஸ்டன் படிவு, கழுவினால் போகாது. மூடிக்குள் கண்ணாடி ஆடுகிற பல்பும் வேண்டாம். கொட்டகை ஈரத்தில் ஒட்டுக்காரை விட்டுப்போயிருக்கும், திருப்பும்போது கையிலேயே உடையும்.

ட்யூப் லைட், சி.எஃப்.எல். இரண்டிலும் பாதரசம் உண்டு. சில மில்லிகிராம்தான்; ஆனால் உடைந்தால் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். தெருவிளக்கின் சோடியம், மெர்குரி பல்புகளும் அப்படியே ஒதுக்க வேண்டியவை. ஹாலஜனில் ஆறிய பிறகும் உள்ளழுத்தம் அதிகம், தெறிக்கும்.

தேவையானவை: பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த தோல் கையுறை, மூக்குக் குறடு, சிறிய தட்டைத் திருப்புளி, 220 எண் உப்புத்தாள், பழைய துண்டு, ஆழமான அட்டைப்பெட்டி. காலில் செருப்பு. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். பல்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

பல்பைத் துண்டில் சுற்றி, மூடி மட்டும் வெளியே தெரியும்படி பெட்டிக்குள் வைத்துப் பிடியுங்கள். அடியில் இரண்டு சாம்பல்நிறப் பொட்டுகள் இருக்கும். பழைய பல்புகளில் அது ஈயம் கலந்த பற்று. குறடால் அவற்றைப் பெயர்த்து, ஒட்டி வரும் கம்பியை முறுக்கி அறுங்கள். சுற்றியிருக்கும் கருப்புக் கண்ணாடியைத் திருப்புளி முனையால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நொறுக்குங்கள். அவசரப்பட்டு நடுவில் குத்தினால் விரிசல் கழுத்துக்கு ஓடிவிடும்.

இப்போது உள்தண்டு தெரியும். அதன் நுனிக் குழாய் முறியும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும். பல்புக்குள் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, அதனால்தான் அந்தச் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான பல்புகள் உடைவது இதற்கு அடுத்த கட்டத்தில். திருப்புளியை நெம்புகோலாக்கிக் கழுத்தின் மேல் சாய்த்துவிடுவார்கள். சாய்க்காமல், மூடியின் உலோகச் சுவரை ஒட்டி இறக்கி, மெல்லச் சுழற்றித் தண்டை முறியுங்கள். பல்பைக் கவிழ்த்தால் சுருளும் துண்டுகளும் பெட்டிக்குள் விழும். மூடியைக் கழற்ற வேண்டாம். கண்ணாடி விளிம்பை மறைத்திருப்பது அதுதான். உட்புறம் துருத்தும் முனையை ஈர உப்புத்தாளால் தேயுங்கள், தூள் பறக்காது. பிறகு பச்சைத் தண்ணீர் விட்டு அலசிக் கவிழ்த்து வையுங்கள். வெந்நீர் பட்டால் மெல்லிய கண்ணாடி விரியும். கையைச் சோப்பால் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

கொலுவுக்கு ஆற்று மணல் நிரப்புவதானால் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, காகிதக் கூம்பு வழியாக விடுங்கள். ஈர மணல் உள்ளே வியர்த்து மங்கும். தொங்கவிட, மூடியின் இரு பக்கக் குச்சிகளுக்கும் கீழே செம்புக் கம்பியைச் சுற்றி முறுக்குங்கள். தொட்டில் மேலேயும் நடைவழியிலும் மாட்டாதீர்கள். மணிபிளான்ட் வைத்தால் பாதியளவு தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை மாற்றியே ஆகவேண்டும், ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு தண்ணீரே தாராளம்.

எண்ணெய் விளக்காக்கும் யோசனை பலருக்கு வரும், கார்த்திகை நெருங்கினால் இன்னும் அதிகம். செய்யவே கூடாது. திரியின் சூடு ஓரிடத்தில் மட்டும் ஏற, கண்ணாடி வெடித்து எண்ணெயோடு தீயும் கொட்டும். அகல் இருக்க இது எதற்கு? உப்புக் குடுவை, மிளகுக் குடுவையும் வேண்டாம், ஈயம் காரணம். வேலைப்பாடு செய்த பல்பை மறுபடி ஹோல்டரில் மாட்டுவது நேரடி மின்விபத்து.

சி.எஃப்.எல். தவறி உடைந்தால் விசிறியை அணைத்து, சன்னலைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் வெளியே இருங்கள். துடைப்பம் போடாதீர்கள், தூள் பரவும். கெட்டி அட்டையால் அள்ளி, மிச்சத்தை ஒட்டுநாடாவால் ஒற்றி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். 2016 திடக்கழிவு விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தியிருந்தன. தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குண்டு பல்பின் சில்லுகளை நாளிதழில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிதாக எழுதுங்கள். வாய்க்காலில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். தண்ணீரோடு சில்லு வயலுக்குப் போய்ச் சேற்றில் புதையும், நடவுக்கு இறங்குகிறவர்கள் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள்.