தீனி எடுக்காத கறவை மாட்டைப் பரிசோதிக்கும் முறை: கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு

நம் நாட்டில் கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, நான்கரை ஆண்டு வகுப்புகளும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டுகள் நடக்கிறது. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல் எனப் பல பாடங்களைத் தேறிவிட்டுச் சிகிச்சைக்கூடத்துக்குள் நுழையும் மாணவர், முதல் வாரத்திலேயே பலமுறை கேட்கப்போகும் முறையீடு, "மாடு தீனி எடுக்கலைங்க" என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் உண்ணிக் காய்ச்சல், மடிநோய், கீட்டோசிஸ் (உடலில் கீட்டோன் மிகும் நோய்), வயிற்றில் குத்திய கம்பி, அமில நோய் (முதல் வயிறு புளித்துப்போதல்), வெறிநோய் ஆகியவற்றுள் எதுவும் இருக்கலாம். கண்டவற்றை எல்லாம் எழுதி முடிக்கும்வரை எந்த நோயின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதே புதியவர் முதலில் பழக வேண்டிய ஒழுங்கு. பெயரைச் சொல்லிவிட்ட மறுகணம், கை அந்தப் பெயருக்குச் சாதகமான அறிகுறிகளை மட்டும் தேடத் தொடங்கிவிடும். ஆகவே, ஒரே வரிசையில், ஒவ்வொரு மாட்டிலும், ஒன்றையும் விடாமல் பரிசோதிக்கும் வழக்கத்தை இங்கே ஒரு கலப்பினக் கறவை மாட்டை முன்னிறுத்தி விவரிக்கிறேன்.

தொடுவதற்கு முன்

சிகிச்சைக்கூடப் பயிற்சி தொடங்குமுன்பே வெறிநோய்க்கான முன்தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். எச்சில் ஒழுக நிற்கும் மாட்டைக் கொண்டுவருபவர், "தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு, கையை விட்டுப் பாருங்க" என்று சொல்வது மிகச் சாதாரணம். விழுங்க முடியாமை, ஓயாத எச்சில், மாறிப்போன குரலில் கத்துதல் ஆகியவை வெறிநோயிலும் வரும் என்பதால், நாய் கடித்த விவரத்தைக் கேட்டறியாமல், கையுறையும் இல்லாமல், எந்த மாட்டின் வாய்க்குள்ளும் கை போகக்கூடாது. கருச்சிதைந்த மாட்டையும் நஞ்சுக்கொடி விழாத மாட்டையும் தொடும்போது, மனிதருக்கும் தொற்றும் புரூசெல்லா கிருமி நினைவில் இருக்க வேண்டும். திடீரென்று இறந்து, வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த இரத்தம் வடியும் மாட்டை அறுத்துப் பார்க்கவே கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருந்தால், திறந்த உடலின் கிருமிகள் காற்றுப்பட்டு எளிதில் அழியாத ஸ்போர்களாக மாறி, அந்த மண்ணைப் பல ஆண்டுகளுக்குக் கெடுத்துவிடும். அங்கே செய்ய வேண்டியது, காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தத்தை ஸ்லைடில் பூசி எடுத்துக்கொண்டு மேலதிகாரிக்குத் தகவல் தருவது மட்டுமே.

மாடு பின்காலை முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் சுழற்றி உதைக்கும் என்பதை நினைவில் கொண்டு, தோள்பட்டைப் பக்கமாக, குரல் கொடுத்தபடி நெருங்க வேண்டும். மூக்கணாங்கயிற்றை உரிமையாளரே பிடித்திருப்பது நல்லது. புதியவர் கையில் பதறும் மாடு, பழகிய கையில் பாதி அடங்கிவிடும்.

கேட்டறிதல்

இந்தப் பகுதியை மாணவர்கள் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில் நோயறிதலின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. முறையீட்டை உரிமையாளரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கன்று ஈன்று எத்தனை நாள், எத்தனையாவது ஈற்று, நேற்று எத்தனை லிட்டர் கறந்தது, இன்று எத்தனை லிட்டர், அசை போடுகிறதா, கடைசியாக எப்போது சாணம் போட்டது, தண்ணீர் குடிக்கிறதா, அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் இப்படி இருக்கிறதா, கடைசியாக எப்போது, எதற்குத் தடுப்பூசி போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஈன்ற நாள் தெரிந்தாலே பாதி வழி திறந்துவிடும். ஈன்று மூன்று நாளுக்குள் படுத்துவிட்ட மாட்டுக்கும், ஈன்று மூன்று வாரமாகி அடர்தீவனத்தை மட்டும் ஒதுக்கி வைக்கோலைக் கடிக்கும் மாட்டுக்கும் தேட வேண்டிய திசை வெவ்வேறு.

தீவனத்தைப் பற்றிய கேள்வி தனிக் கவனத்துக்குரியது. "என்ன தீனி போடுறீங்க?" என்று கேட்டால், "எப்பவும் போலத்தாங்க" என்ற பதிலே வரும். அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "நேத்து வீட்ல ஏதாவது விசேஷமா? மிச்சச் சோறு வெச்சீங்களா?" பொங்கல் முடிந்த மறுநாளும், ஊரில் கல்யாணம் நடந்த மறுநாளும், வயிறு நிறையச் சோறு தின்ற மாடுகள் வரிசையாக வருவதைத் தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் எல்லோரும் அறிவார்கள். மாட்டுக்கு அன்போடு வைத்த பொங்கல் அதற்கு நோயாகும் என்று உரிமையாளருக்குத் தோன்றாது. ஆகையால் அவர் தாமாக அதைச் சொல்லமாட்டார். அதைப்போலவே, இளஞ்சோளப் பயிரை மேய்ந்ததா என்பதையும் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பூக்காத சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு.

ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதைக் கேட்காமல் தெர்மாமீட்டரை எடுக்காதீர்கள். காலையில் யாரோ போட்ட காய்ச்சல் ஊசி, மதியம் நீங்கள் பார்க்கும் வெப்பநிலையைப் பொய்யாக்கிவிடும்.

தள்ளி நின்று பார்த்தல்

இரண்டு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். மாடு நிற்கும் விதம், தலையின் நிலை, மூச்சில் விலா ஏறி இறங்கும் வேகம், மூக்கு நுனியில் ஈரம் உள்ளதா என்பதெல்லாம் தொட்ட பிறகு மாறிவிடும். முதுகை வளைத்து, முன்னங்கால் முழங்கைகளை வெளிப்புறமாக விரித்து, நடக்கத் தயங்கும் மாடு மார்புக்கூட்டின் அடிப்புறத்தில் வலியோடு இருக்கலாம். மாட்டின் பின்னால் நின்று இரு பக்க வயிற்றையும் ஒப்பிடுங்கள். இடது மேற்புறம் மட்டும் உப்பியிருந்தால் வாயு, இரு பக்கமும் தாழ விரிந்திருந்தால் நீரோ சினையோ என்று ஊகிக்கலாம். இந்த நேரத்தில் மாணவர் சும்மா நிற்பதாக உரிமையாளர் நினைக்கக்கூடும், பொருட்படுத்த வேண்டாம்.

வெப்பம், நாடி, மூச்சு

மூச்சை முதலில் எண்ண வேண்டும். தொட்டால் அது கூடிவிடும். வளர்ந்த மாட்டுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை இயல்பு. நாடியை வாலின் அடிப்பக்கத்தில், வால் தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் கீழே, நடுவில் ஓடும் தமனியில் விரல் நுனிகளால் உணரலாம். 60 முதல் 80 வரை இயல்பு. வெப்பநிலை 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம். வெயிலில் நடத்திக் கூட்டிவந்த மாட்டில் இதைவிடச் சற்று மிகுந்திருக்கும் என்பதால், அதை நிழலில் சிறிது நேரம் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும்.

தெர்மாமீட்டரை ஆசனவாய்க்குள் செலுத்தியதும், அதன் முனை குடற்சுவரைத் தொடும்படி சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நிற்கும் தெர்மாமீட்டர், மாட்டின் வெப்பத்தைக் காட்டாமல் சாணத்தின் வெப்பத்தையே காட்டும். 99 என்று படித்தால், அதை நம்புவதற்கு முன் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே அளவு வந்து, காதும் சில்லிட்டிருந்தால், ஈன்ற நாளை மறுபடி கேளுங்கள்; ஈன்ற மாட்டின் கால்சியம் குறைவாக இருக்கலாம்.

தலையிலிருந்து வால் வரை

கீழிமையை விரலால் இறக்கிக் கண் சவ்வின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இரத்தசோகை, மஞ்சள் தட்டினால் ஈரல் நோயோ இரத்தச் சிவப்பணுச் சிதைவோ இருக்கலாம். ஆடுகளில் இந்த நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டும் ஃபமாச்சா அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானது. இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவுக்கு எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்பதைக் கொட்டகையிலேயே அதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். கண் குழிவிழுந்து, கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெல்லக் குறையுமானால் நீரிழப்பு உண்டு.

தோளுக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கணுவை விரல்களை உள்ளே செலுத்தி உருட்டிப் பாருங்கள். கலப்பின மாட்டில் 105 டிகிரி காய்ச்சலோடு இந்தக் கணு முட்டை அளவுக்கு வீங்கியிருந்தால், காதின் உட்புறத்திலும் மடியோரத்திலும் உண்ணி தேடுங்கள். உண்ணி பரப்பும் தைலேரியா நோய் சந்தேகத்துக்குரியவற்றுள் முதலிடத்துக்கு வந்துவிடும்.

இதய ஒலியைக் கேட்க, இடது முன்னங்காலைச் சற்று முன்னே நகர்த்தி நிறுத்தி, முழங்கைக்கு உட்புறமாக ஸ்டெதாஸ்கோப்பை அழுத்த வேண்டும். தெளிவான இரட்டை ஒலிக்குப் பதிலாக மங்கலான, நீர் தளும்பும் ஓசை கேட்டு, கழுத்துச் சிரை கயிறு போலப் புடைத்து, முன்மார்பில் நீர்கோத்திருந்தால், மாடு விழுங்கிய கம்பி வயிற்றைத் துளைத்து இதய உறையை எட்டியிருக்கலாம். இரண்டாம் வயிறு உதரவிதானத்துக்குப் பின்னாலேயே, இதயத்துக்கு மிக அருகில் இருப்பதால்தான் இப்படி நேர்கிறது. அந்த நிலையை எட்டுவதற்கு முன்பே ஐயம் எழுந்தால், தோள்களுக்கு மேலுள்ள முதுகு மேட்டை இரு கைகளாலும் இறுகக் கிள்ளிப் பாருங்கள். நலமுள்ள மாடு முதுகைத் தாழ்த்தும். வலியுள்ள மாடு தாழ்த்த மறுத்து முனகும்.

இடது வயிற்றுப் பள்ளத்துக்கு மாணவர் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். விலா முடியும் இடத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள அந்தப் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்தால், ரூமன் என்னும் முதல் வயிறு சுருங்கும்போது கையை வெளியே தள்ளும். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு அசைவுகள் இருக்க வேண்டும். அவசரப்படாமல் முழுதாக இரண்டு நிமிடம் எண்ணுங்கள். அழுத்திய இடம் பிசைந்த மாவைப் போலக் குழிந்து, மெல்ல நிமிர்ந்தால் உள்ளே தீவனம் தங்கியிருக்கிறது. முஷ்டியால் குலுக்கும்போது பானைத் தண்ணீர் போலச் சலசலத்தால், சோற்றையோ தானியத்தையோ பற்றி மறுபடி விசாரியுங்கள். பிறகு ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்கக் கடைசி விலாக்களின் மேல் வைத்து, அதன் அருகே விரலால் சுண்டுங்கள். வெண்கலத்தைத் தட்டினாற்போல் கணீரென்ற ஒலி எழுந்தால், நான்காம் வயிறு இடப்பக்கம் நகர்ந்திருக்கலாம். ஈன்ற முதல் மாதத்தில், அதிகம் கறக்கும் மாடுகளில் இது மிகுதி. வலப்பக்கத்தையும் இவ்வாறே தட்டிக் கேட்க வேண்டும்.

மடியின் நான்கு பகுதிகளையும் தனித்தனியே தொட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் இரண்டு பீய்ச்சு பாலைக் கறுப்புப் பரப்பின் மேல் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக இருந்தாலோ நீர்த்திருந்தாலோ கண்ணுக்கே தெரியும். தெரியாத மடிநோய்க்குக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை உண்டு: தட்டின் நான்கு குழிகளில் பாலையும் கரைசலையும் சம அளவில் சேர்த்துச் சுழற்றினால், நோயுற்ற பகுதியின் பால் கூழாகத் திரளும்.

சாணத்தைப் பார்ப்பதும் முகர்வதும் வேலையின் பகுதியே. மலக்குடல் வழிப் பரிசோதனையை ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும், நகம் வெட்டி, நீண்ட கையுறையில் வழுவழுப்பான களிம்பு பூசிச் செய்யுங்கள்; மாடு முக்கும்போது கையை அசைக்காமல் நிறுத்த வேண்டும்.

மாதிரிகளும் சோதனைகளும்

சோதனைகளைக் கேள்விக்கேற்ப எடுக்க வேண்டும். காய்ச்சலும் வீங்கிய கணுவும் இருந்தால், காது நுனி இரத்தத்தில் மெல்லிய பூச்சு தயாரித்து, காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயமேற்றுங்கள். தைலேரியா, பபேசியா, அனப்பிளாஸ்மா ஆகிய மூன்று இரத்தக் கிருமிகளையும் அதில் தேடலாம். மூத்திரம் காப்பி நிறத்தில் போனால் பபேசியாவை முதலில் தேடுங்கள். அமில நோய்ச் சந்தேகத்தில் ரூமன் நீரை எடுத்து பி.எச். தாளில் தொடுங்கள்: 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டியது 5.5-க்குக் கீழே போயிருக்கும், புளித்த வாடை வீசும், நுண்ணோக்கியில் ஓடித் திரிய வேண்டிய ஓரணு உயிரிகள் அசைவற்றுக் கிடக்கும். கீட்டோசிஸுக்கு மூத்திரத்தில் ரோத்தெரா சோதனை செய்யலாம். ஊதா வளையம் தோன்றினால் கீட்டோன் உண்டு.

படுத்துவிட்ட, ஈன்ற மாட்டுக்குக் கால்சியம் போரோகுளுக்கோனேட் ஏற்றுவதற்கு முன்பே இரத்த மாதிரியை எடுத்துவிடுங்கள். ஏற்றிய பிறகு எடுத்த இரத்தத்தில் கால்சியம் அளவு உங்களுக்கு எதையும் சொல்லாது. மாடு எழவில்லை என்றால், அப்போதுதான் அந்த முதல் மாதிரியின் அருமை தெரியும். மருந்து சிரைக்குள் மெதுவாக இறங்கும்போது ஒருவர் ஸ்டெதாஸ்கோப்பை இதயத்தின் மேலேயே வைத்திருக்க வேண்டும்; துடிப்பு தாறுமாறானால் உடனே நிறுத்த வேண்டும்.

எழுதுதலும் சொல்லுதலும்

இப்போது தாளில் இயல்புக்கு மாறானவற்றை மட்டும் வரிசையாக எழுதுங்கள். உதாரணமாக: நாடி 104, கண் குழிவு, ரூமன் அசைவு இல்லை, சலசலப்பு, புளித்த வாடையுள்ள நீர்ச்சாணம். இவை எல்லாவற்றையும் விளக்கும் பெயர் எது, சிலவற்றை மட்டும் விளக்குவது எது என்று பாருங்கள். குடலழற்சி கழிச்சலையும் நீரிழப்பையும் விளக்கும். சலசலக்கும் ரூமனையும் புளித்த வாடையையும் விளக்காது. அமில நோய் அனைத்தையும் விளக்கும்; பி.எச். தாள் அதை உறுதி செய்யும். எழுதியவற்றுள் ஒன்று எந்தப் பெயருக்கும் ஒத்துவராமல் நின்றால் அதை அழிக்காதீர்கள். மறுநாள் பரிசோதனையில் முதலில் பார்க்க வேண்டியது அதையே.

உரிமையாளரிடம், என்ன சந்தேகிக்கிறோம், அடுத்த சில மணி நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மறுபடி கொண்டுவர வேண்டும் என்பதை அவருடைய சொற்களில் சொல்லுங்கள். நுண்ணுயிர் எதிர்மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்பதை மருந்தின் உறையில் பார்த்து, சீட்டிலும் எழுதி, வாயாலும் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே அடுத்த மாட்டுக்குப் போகவும்.