சம்பளத்தைக் குறைத்துத் தரும் கடையில் சண்டை போடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் ஒழுங்காகத் தராத இடத்தில் வேலை பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ஒரு நாள் கோபம் தலைக்கேறி, கல்லாவுக்கு முன்னால் நின்று, "நாளையிலருந்து வரமாட்டேன், உங்க வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவது. அன்றைக்கு ராத்திரி மனசு லேசாக இருக்கும், அவ்வளவுதான் லாபம். பிறகு எந்த அதிகாரி கேட்டாலும் முதலாளி ஒரே வரியில் முடித்துவிடுவார்: "அவம் தானா நின்னுட்டாம் சார்." தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரைத் தகுந்த காரணம் இல்லாமலும் ஒரு மாத நோட்டீஸ் தராமலும் நிறுத்த முடியாது. ஆனால் அந்தச் சட்டம் நிறுத்தப்பட்டவருக்குத்தான் கைகொடுக்கும், தானாகப் போனவருக்கு இல்லை. அதனால் முதலாளியே போகச் சொன்னால்கூட உடனே போய்விடாதீர்கள். மறுநாளும் வழக்கமான நேரத்துக்குப் போய் நில்லுங்கள். உள்ளே விடவில்லையா, "இன்று வேலைக்கு வந்தேன், சேர்த்துக்கொள்ளவில்லை" என்று அவர் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது கையெழுத்து. திருநெல்வேலியில் ஜங்ஷன், வண்ணார்பேட்டை, டவுன் ரதவீதி என்று எங்கே கேட்டாலும் இந்தக் கதை ஒன்றுபோலத்தான் இருக்கும். மாதச் சம்பளத்தன்று கணக்கப்பிள்ளை ரிஜிஸ்டரைத் திருப்பி வைப்பார். தொகை எழுதியிருக்கும் கட்டத்தின் மேல் ஒரு ஸ்கேலோ பில் புக்கோ கிடக்கும், அவர் விரல் கையெழுத்து போடும் இடத்தை மட்டும் காட்டும். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள், டக்கென்று போட்டுவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு நகர வேண்டியதுதான். கவரில் 8,000 இருக்கும், ரிஜிஸ்டரில் 12,000 இருக்கலாம். நாளைக்குத் தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் அந்த 12,000-க்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. இப்போது இதையே நவீனமாகவும் செய்கிறார்கள்: பேங்கில் முழுத் தொகையைப் போட்டுவிட்டு, ஏடிஎம் கார்டைக் கடையிலேயே வாங்கி வைத்துக்கொள்வது, இல்லையென்றால் மறுநாள் மூவாயிரத்தைக் கையில் திருப்பிக் கேட்பது. கார்டை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். ரிஜிஸ்டரில் போடும்போது கையெழுத்துக்குப் பக்கத்தில் உண்மையில் வாங்கிய தொகையையும் தேதியையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அதற்கு விடவில்லை என்றால், அன்றைக்கே ஒரு மெசேஜ் போதும்: "அண்ணாச்சி, ஜூன் மாசச் சம்பளம் 8,000 வாங்கிட்டேன். மீதி எப்ப தருவீங்க?" அவர் "பாப்போம்" என்று பதில் போட்டாலே போதும், நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கும் பாக்கி இருப்பதற்கும் அது சாட்சி. வெற்றுத் தாளிலும், ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் ஒட்டிய பேப்பரிலும் போடவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் தீபாவளி போனஸ் கவரோடு நீட்டும்போது போட்டுவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அசலாக வாங்கி வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. ஜெராக்ஸ் கொடுங்கள், போதும்.

நேரக் கணக்கும் இப்படித்தான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசனில் காலை 9 மணிக்கு நுழைந்தால் ராத்திரி 11 ஆகிவிடும், ஆனால் யாரிடமும் குறிப்பு கிடையாது. கடைச் சட்டத்தில் வேலை நேரம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் பார்க்கும் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. அப்படி நீட்டினாலும் நாளைக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் லீவு, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இவற்றோடு பண்டிகைக்கு இன்னும் 5 நாள் சம்பளத்துடன் விடுமுறை. நாள் முழுக்க நின்றே வியாபாரம் பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தமே கொண்டுவந்தது. கால் நரம்பு புடைத்துப் போன பிறகு வந்த சட்டம், இருந்தாலும் வந்தது. இதையெல்லாம் கேட்க வேண்டுமானால் வந்த நேரம், போன நேரம் எழுதி வைத்த ஒரு காகிதம் வேண்டும். வருஷப் பிறப்புக்குக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் வீட்டில் தொங்கும் இல்லையா, அந்தக் கட்டங்களில் பேனாவால் 9-11 என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அன்றன்றைக்கு எழுதியதற்கு இருக்கும் மதிப்பு, ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து யோசித்து எழுதியதற்குக் கிடையாது.

"ஒத்துக்கிட்டுத்தானே சேர்ந்தேன், இப்ப எப்படிக் கேக்க?" என்று தயங்குகிறவர்கள்தான் அதிகம். இதற்கு ஒரு காரணம், நம்ம பக்கம் வேலையே மாமா சொல்லி, சித்தப்பா சொல்லி, ஊர்க்காரர் சொல்லிக் கிடைத்ததாக இருக்கும். அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற சங்கடம். அது வேறு விஷயம். சட்டத்தில், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்க நீங்கள் எழுதியே கொடுத்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றே சொல்லிவிட்டது. "தங்க இடம் தாரோம், மூணு நேரம் சாப்பாடு போடுதோம்" என்பதும், அரசு தனியாக அனுமதித்தாலொழிய, அந்தக் கூலிக்கு ஈடாகாது. ஒவ்வொரு தொழிலுக்கும் தொகை வேறு வேறு, அதில் அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரல் 1-ல் மாறும். ஆகையால் போன வருஷத்துத் தொகையை மனுவில் எழுதிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள், தொழிலாளர் துறை இணையதளத்தில் உங்கள் தொழிலுக்கு உரிய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீடி சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துச் சுற்றுகிற அக்காமார்களில், கம்பெனிப் புத்தகம் தன் பெயரில் இல்லாதவர்கள் நிறையப் பேர். மாமியார் பெயரிலோ மதினி பெயரிலோ உள்ள புத்தகத்தில் இலையும் தூளும் வாங்கி, சுற்றியதை அதே கணக்கில் போட்டுவிட்டு வருகிறார்கள். கூலி என்னவோ கைக்கு வந்துவிடும். ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), போனஸ், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை எல்லாம் புத்தகத்தில் பெயர் இருப்பவருக்குத்தான். 2025 நவம்பரில் புதிய தொகுப்புச் சட்டங்கள் வரும் வரை இருந்த 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டமே வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றது. அதனால் "வீட்ல வச்சுத்தானே சுத்துதோம்" என்று ஒதுங்க வேண்டியதில்லை, தன் பெயரில் புத்தகம் கேட்பதுதான் முதல் வேலை.

பிஎஃப் பிடிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு பார்க்காமலே இருப்பது மாதச் சம்பளக்காரர்களின் தவறு. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்துக்கு பிஎஃப் உண்டு. உங்கள் பங்கு 12 சதவீதம், அதே அளவு முதலாளியும் கட்ட வேண்டும், அவர் பங்கையும் சேர்த்து உங்கள் சம்பளத்தில் பிடிக்க அவருக்கு அனுமதி இல்லை. பிஎஃப்-ல் பதிவான மொபைலில் இருந்து 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கணக்கு விவரம் மெசேஜில் வரும். வரவில்லை என்றால், உங்கள் கணக்கில் மேனேஜரின் மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், அதுவும் நடக்கிறது. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 10 பேர் இருந்தாலே வரும், சம்பளம் 21,000 வரை. உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான், அதற்கு மேல் பிடித்தால் கேளுங்கள்.

சரி, எங்கே போவது? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் "கொடுக்கல் வாங்கல் விவகாரம்" என்று திருப்பி அனுப்பலாம். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பது தவறில்லை, ஆனால் அந்த மனுவும் கடைசியில் தொழிலாளர் துறைக்குத்தான் போகும். அதனால் சம்பளக் குறைவு, ஓவர்டைம், லீவு எல்லாவற்றுக்கும் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு நேராகவே போங்கள். பிஎஃப்-க்கும் இஎஸ்ஐ-க்கும் அவரவர் அலுவலகம் தனி. எல்லாவற்றையும் ஒரே மனுவில் திணித்தால் எந்த மேசையிலும் நகராது. கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் 15100-க்குப் போன் பண்ணினால் இலவச சட்ட உதவி கிடைக்கும். மனுவில் ஊதிப் பெருக்க வேண்டாம். 9,000 பாக்கியை 50,000 என்று எழுதினால், விசாரணையில் அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டே மீதி உண்மையையும் தள்ளிவிடுவார்கள்.

நாளைக் கடத்துவதும் ஆபத்து. பழைய சட்டங்களில் குறைந்தபட்சக் கூலிக்கு 6 மாதம், சம்பளப் பாக்கிக்கு 12 மாதம் என்றுதான் கெடு இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் அதை 3 வருஷம் ஆக்கியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருந்தால் கூட வேலை பார்த்த சாட்சிகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போயிருப்பார்கள்.

அந்தச் சாட்சிகளைச் சேர்க்காமல் தனியாளாகப் போவதும் தவறுதான். 1908-ல், தூத்துக்குடி இதே திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தபோது, கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா பேச்சைக் கேட்டு மொத்தமாக வேலையை நிறுத்தித்தான் கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கினார்கள். கடையில் 5 பேர் சேர்ந்து போட்ட மனுவைப் பார்த்தால் முதலாளி யோசிப்பார், ஒருத்தர் மனுவைப் பார்த்தால் அந்த ஒருத்தரைத்தான் கவனிப்பார். ஆனால் ஐந்து பேரும் கையெழுத்துப் போடும் வரை வெளியே மூச்சு விடக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "ரத்தத்தை உறிஞ்சும் முதலைகள்" என்று போடுகிறவர் யாராவது ஒருத்தர் இருப்பார், அவரைக் கடைசியாகச் சேருங்கள்.

மனு போனதும் பெரும்பாலும் ஆள் விட்டுப் பேச வருவார்கள், அல்லது அலுவலகத்திலேயே இரண்டு தரப்பையும் உட்கார வைப்பார்கள். அங்கே ஒரு தொகையைச் சொல்லி, "எனக்கு இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று டைப் செய்த தாளை நீட்டுவார்கள். பணத்தை எண்ணி முடிக்கும் முன் அதில் பேனாவை வைக்காதீர்கள். அந்தத் தொகையில் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அடங்கிவிட்டதா என்று கேளுங்கள். 5 வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது தனியாக வர வேண்டும். செக் கொடுத்தால், செக் நம்பரையும் தேதியையும் எழுதி, பணம் கணக்கில் ஏறினால்தான் இது செல்லும் என்று அதே தாளில் சேர்க்கச் சொல்லுங்கள், செக்கைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது திரும்பி வந்தால், பேங்க் தரும் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போய்விட வேண்டும்.