மலை இறங்கிய மறுநாள்: கால் வலியில் நாம் செய்யும் தவறுகள்

கார்த்திகை வந்தால் வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கமிருந்து சோளிங்கர் பெரிய மலை நரசிம்மர் கோயிலுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். 1305 படிகள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை எழுந்து காலை ஊன்றினால் தொடை விண்விண் என்று தெறிக்கும். "நேத்து அவ்வளவு படி ஏறினோமே" என்பார்கள். முதல் தவறே அதுதான். அந்த வலி பெரும்பாலும் ஏறியதால் வந்ததல்ல, இறங்கியதால் வந்தது.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதற்குள் ஆக்டின், மயோசின் என்று இரு வகைப் புரத இழைகள் இருக்கின்றன. நரம்பின் உத்தரவு வந்ததும் தசை செல்லுக்குள் கால்சியம் வெளிப்படும். உடனே மயோசின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும், தசை சுருங்கும். சரி, படி இறங்கும்போது என்ன ஆகிறது? உடம்பின் எடை முழங்காலை மடக்கப் பார்க்கும். நாம் சரிந்து விழாமல் இருக்க, முன்தொடைத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது, பிரேக்கை விடாமல் மலையிறங்கும் பஸ் மாதிரி. பழக்கமில்லாத கால் இப்படி வேலை செய்யும்போதுதான் இழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. அதனால் வரும் வலி சில மணி நேரம் கழித்தே தொடங்கி, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும்.

லாக்டிக் ஆசிட் தேங்கிவிட்டது என்று ஜிம் பையன்கள் சொல்வதும் சரியல்ல. அது ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும்.

சுளுக்கு என்று நினைத்து, தைலம் போட்டு அழுத்தி உருவச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே புண்பட்ட தசை அது. லேசாகத் தடவிவிடலாம். நாள் முழுக்கப் படுத்தே கிடக்காமல் மெல்ல நடந்தால் இறுக்கம் தளரும். நம் ஊர் வெயிலில் வியர்த்து வற்றிய உடம்போடு வலி மாத்திரையை அள்ளிப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆபத்து. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடியாத்தம் பக்கம் மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றும் பெண்களைப் பார்த்து "உட்கார்ந்த வேலைதானே" என்கிறோம். அசையாமல் இறுகி நிற்கும் தசை தன் ரத்தக் குழாய்களையே நெருக்கும். கழுத்தும் தோளும் கடுப்பது அதனாலும்தான். அவ்வப்போது எழுந்து தோளைச் சுழற்றுவது சோம்பல் அல்ல, அவர்களுக்கு அது அவசியம்.

"தினமும் வேலூர்க் கோட்டையைச் சுற்றி நடக்கிறேனே, எனக்கு ஏன் வலிக்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. சமதரையில் நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் இறங்கும் தசைக்குப் போதிய பயிற்சி ஆகாது. மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டு மாடிப்படியில் நிதானமாக இறங்கிப் பழகுங்கள். ஒருமுறை அளவாகச் செய்தாலே அடுத்த முறைக்கு வலி நன்றாகக் குறையும். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முதலில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.