கார் ஏசியில் கூலிங் இல்லையா? கம்ப்ரசரை மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறது என்று காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், பல இடங்களில் முதலில் கேட்கும் பதில் "கேஸ் போட்டுப் பார்ப்போம்". அடுத்த பதில் "கம்ப்ரசர் போயிடுச்சு". இரண்டுக்கும் உடனே தலையாட்டாதீர்கள். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, கசிவை அடைக்காமல் நிரப்புவது வீண். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடவில்லை என்பதாலேயே அது செத்துவிட்டது என்றும் ஆகாது.

இங்கே சொல்வது நம் ஊரில் அதிகம் ஓடும் வகைக்கு: பெல்ட்டில் சுழலும், முன்பக்கம் மேக்னெட்டிக் கிளட்ச் (மின்காந்தத்தால் ஒட்டி கம்ப்ரசரைச் சுற்றவைக்கும் அமைப்பு) உள்ள கம்ப்ரசர், ஆர்-134ஏ கேஸ். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அதில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரு மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச், ஸ்பேனர் செட், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தால் போதும்.

முதல் படி: கிளட்ச் ஒட்டுகிறதா?

என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, பானெட்டைத் திறந்து கம்ப்ரசரின் முகப்பைப் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் இருக்கும் தட்டு, 'டக்' என்ற சத்தத்தோடு ஒட்டிய பிறகுதான் சுற்றும். துப்பட்டா, தளர்ந்த கைச்சட்டை, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேனும் திடீரென்று ஓட ஆரம்பிக்கும்.

தட்டு சுற்றாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். சுற்றியும் கூலிங் இல்லாவிட்டால் நேராக நான்காம் படியில் உள்ள பிரஷர் சோதனைக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: மின்சாரம் வருகிறதா?

ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே (கிளட்ச்சுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சின்ன ஸ்விட்ச் பெட்டி): அதே எண் போட்ட ஹார்ன் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சரி, இரண்டும் நன்றாக இருக்கிறதா? என்ஜினை நிறுத்தி, கம்ப்ரசருக்குப் போகும் கனெக்டரைக் கழற்றுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு, வயர் பக்கம் அளந்து பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் வந்தால் கம்ப்ரசர் வரை மின்சாரம் வந்துவிட்டது, கோளாறு கிளட்ச்சில்தான். என்ஜினை அணைத்துவிட்டு, தட்டை இழுக்கும் காந்தக் கம்பிச்சுருளான காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட், ஃபியூஸ் அடிக்கடி போவதற்கும் அதுவே காரணம்.

மின்சாரமே வரவில்லையா? கேஸ் குறைந்து, அதன் அழுத்தத்தைக் கண்காணிக்கும் பிரஷர் ஸ்விட்ச் தடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஸ்விட்சை நேரடியாக இணைத்து ஓட்டிப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் நன்றாக இருந்த கம்ப்ரசரும் தேய்ந்து போகும்.

மூன்றாம் படி: கிளட்ச் இடைவெளி

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் இதைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். கிளம்பும்போது ஜில்லென்று இருக்கும், அரை மணி நேரம் ஓடியதும் கூலிங் நிற்கும், வண்டி ஆறினால் திரும்ப வரும். இப்படி இருந்து, கூலிங் நின்ற நேரத்திலும் கிளட்ச்சுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால், தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். சூடானால் காயிலின் மின்தடை கூடும், காந்த இழுவை குறையும். தூரம் அதிகமான தட்டை அதனால் இழுக்க முடிவதில்லை.

என்ஜினை அணைத்து, ஃபீலர் கேஜை மூன்று இடங்களில் நுழைத்து அளந்து பாருங்கள். பல கார்களில் 0.3 முதல் 0.6 மிமீ வரை இருக்கும், உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே முடிவு. அதிகமாக இருந்தால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுங்கள். உள்ளே ஷிம் என்ற மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு, அல்லது மெல்லியதாக மாற்றி, திரும்ப முடுக்குங்கள். தட்டைக் கையால் சுற்றினால் புல்லியில் உரசக்கூடாது. கேஸ் லைனைத் தொடாமலே முடியும் வேலை இது. இந்தச் சின்னத் தேய்மானத்துக்காக முழு கம்ப்ரசரையும் மாற்றுவது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

சத்தத்தையும் கவனியுங்கள். ஏசி போடாதபோதே கரகரவென்று கேட்டால், பெரும்பாலும் புல்லி பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஏசி போட்டால் மட்டும் சத்தம் வந்தால் கம்ப்ரசரின் உள்பக்கத்தைச் சந்தேகிக்கலாம். தட்டு கையால் சுற்றவே முடியாமல் இறுகியிருந்தால் கம்ப்ரசர் ஜாம்.

நான்காம் படி: பிரஷர்

ஏசி பிரஷர் கேஜ் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் போகலாம், ஆனால் முள்ளை நீங்களும் பாருங்கள். அதற்கு முன் கண்டன்சரில் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) படிந்த புழுதியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அதன் ஃபேன் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 35 டிகிரி வெயிலில் ஏசி ஓடும்போது லோ பக்கம் (கம்ப்ரசருக்குள் கேஸ் வரும் குழாய்) சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை பக்கம் (அதிலிருந்து வெளியேறும் குழாய்) 200 முதல் 250 வரை இருப்பது வழக்கம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் கசிவு. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தேடுங்கள், சோப்பு நுரை பூசிப் பாருங்கள். இரண்டும் அதிகம் என்றால் கேஸ் கூடிவிட்டது, அல்லது கண்டன்சர் சூட்டை வெளியேற்றவில்லை. லோ ஏறி, ஹை இறங்கி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் கம்ப்ரசர் அழுத்தவில்லை என்று சொல்லலாம்.

மாற்றியே ஆக வேண்டுமானால்

கேஸ் எடுக்கும் மெஷின் உள்ள இடத்தில் கொடுங்கள். திரவ ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். காற்றில் விட்டால் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். அப்புறம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: புது ட்ரையர் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பாகம்), புது ஓ-ரிங்குகள் (இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள்), கம்ப்ரசருக்குச் சொல்லப்பட்ட ரக ஆயில், குறைந்தது அரை மணி நேர வேக்யூம் (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது), பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் எடைபோட்டு கேஸ். சமையல் கேஸை நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள், அது தீப்பிடிக்கும் பொருள்.

பழைய ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் கண்டன்சரையும் மாற்றச் சொல்லுங்கள். இன்றைய கண்டன்சரின் நுண்குழாய்களில் சிக்கிய துகளை முழுதாகக் கழுவி எடுக்க முடியாது, அது புது கம்ப்ரசரையும் தின்றுவிடும். புதியதைப் பொருத்திய பின், ஸ்டார்ட் செய்யும் முன், முன்தட்டைக் கையால் சில சுற்று சுற்றி உள்ளே தேங்கிய ஆயிலை நகர்த்துங்கள். முதல் சில நிமிடங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஐடிலில் மட்டும் ஓடட்டும்.