ஃபிலிம் திக்னஸை மறந்துட்டு ஸ்பெக்ட்ரம் படிச்சா மாட்டிக்கிற இடங்கள்

கிளாஸ் மேல தின் ஃபிலிம் (மெல்லிய படலம்) போட்டு யூவி-விஸ்ல, அதாவது எந்த வேவ்லெங்த் வெளிச்சம் எவ்வளவு ஊடுருவுதுன்னு அளக்கிற மெஷின்ல, வைக்கிறவங்க முதல்ல வழுக்கி விழுற இடம் இது: டிரான்ஸ்மிஷன் கர்வ் அலை அலையா ஏறி இறங்கும், அதுல ஒரு பள்ளத்த பார்த்ததும் "ஆஹா, டிஃபெக்ட் லெவல்"னு, அதாவது மெட்டீரியல்ல இருக்கிற குறை அந்த வெளிச்சத்த உறிஞ்சுதுன்னு, எழுதிடுவாங்க. நானும் அப்படி மூணு டிஃபெக்ட் லெவல் கண்டுபிடிச்சு ரெண்டு நாள் சந்தோஷமா சுத்துனவன்தான், சீனியர் ஒருத்தர் பார்த்துட்டு "அதையே இன்னும் கொஞ்சம் தடிமனா போட்டு எடுப்பா"ன்னார், எடுத்தேன், மூணும் இடம் மாறி நாலாயிடுச்சு. மெட்டீரியலோட அப்சார்ப்ஷன்னா தடிமனுக்கு ஏத்த மாதிரி இப்படி நடந்து போகாது. ஃபிலிமோட மேல் பரப்புலயும் கிளாஸ தொடுற அடிப்பரப்புலயும் எதிரொளிக்கிற வெளிச்சம் சேர்ந்து வர்ற இன்டர்ஃபெரன்ஸ் ஃபிரிஞ்ச் (குறுக்கீட்டு அலை) அது.

இதுல காமெடி என்னன்னா, தொல்லைன்னு நினைக்கிற அந்த அலைக்குள்ளயே திக்னஸ் இருக்கு. 800, 600, 480 நானோமீட்டர்ல அடுத்தடுத்து மேடு வருது, ரிஃப்ராக்டிவ் இன்டெக்ஸ் (ஒளிவிலகல் எண்) 2ன்னு வச்சுக்குங்க. 2400ஐ 3, 4, 5ஆல வகுத்தா இந்த மூணும் வரும், அந்த 2400ங்கிறது இன்டெக்ஸ், திக்னஸ் ரெண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்கினது, ஆக ஃபிலிம் 600 நானோமீட்டர். வேவ்லெங்த்த ஆற்றலா, எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாத்துனா 1.55, 2.07, 2.58, கிட்டத்தட்ட சம இடைவெளி, அப்படி வந்தாலே ஃபிரிஞ்ச்தான்னு சந்தேகப்படுங்க. நிஜத்துல வேவ்லெங்த் குறையக் குறைய இன்டெக்ஸ் ஏறும், அதனால ஒரே இன்டெக்ஸ எல்லா இடத்துக்கும் போட்டா கணக்கு கொஞ்சம் பிசகும்.

அடுத்தது பேண்ட் கேப், அதாவது மெட்டீரியல் வெளிச்சத்த பலமா உறிஞ்ச ஆரம்பிக்கிற ஆற்றல், எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற ஏரியா. ஜிங்க் ஆக்சைடு 100 நானோமீட்டர்ல கேப் கூட வருது, 800ல கம்மியா வருது, உடனே குவாண்டம் கன்ஃபைன்மென்ட்னு (சைஸ் ரொம்ப சின்னதானதால கேப் ஏறுதுன்னு) ஒரு பாரா. அதுல எக்ஸிடான் (எலக்ட்ரானும் ஹோலும் சேர்ந்த ஜோடி) ஆரமே சுமார் 2 நானோமீட்டர்தாங்க, கிரெய்ன் (ஃபிலிம்ல இருக்கிற குட்டிப் படிகம்) சில நானோமீட்டர்ல இருந்தா பேசலாம், வெறும் 100 நானோமீட்டர் தடிமன வச்சு பேச முடியாது. பல நேரம் நடக்குறது என்னன்னா, தடிச்ச ஃபிலிம்ல கேப்ப தாண்டுனதும் வெளிச்சம் வெளியவே வராது, டிடெக்டர் நாய்ஸ படிச்சுட்டு இருக்கும், டாக் பிளாட் (கோடு இழுத்து, அது அச்ச வெட்டுற இடத்துல கேப்ப படிக்கிற வரைபடம்) ஏற வேண்டிய இடத்துல மடங்கிடும், நீங்க கீழ இருக்கிற வால்ல கோடு இழுத்து கம்மியான கேப்ப எடுத்துட்டு வருவீங்க. திக்னஸ தப்பா போட்டா கேப் மாறிடும்னு சிலர் பயப்படுறாங்க, மாறாது, முழு கர்வும் ஒரே மடங்குல ஏறும் இறங்கும், கோடு வெட்டுற இடம் அதேதான், அப்சார்ப்ஷன் கோஎஃபிஷியன்ட் (உறிஞ்சல் குணகம்) மட்டும்தான் தப்பாகும். ரிஃப்ளெக்ஷன கழிக்காம விடுறதுக்குதான் பயப்படணும், அந்தப் பிழைய திக்னஸால வகுக்கிறோம், ஸோ ஃபிலிம் மெலிசாக மெலிசாக அது வீங்கும்.

எதிரொளிப்ப குறைக்கிற ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கோட்டிங்ல வேற மாதிரி சொதப்பல். 550 நானோமீட்டருக்கு கால் வேவ்லெங்த்னா 137ன்னு அப்படியே போட்டுடுறது. கோட்டிங்கா போடுற மெக்னீசியம் ஃபுளோரைடோட இன்டெக்ஸ் 1.38, அதாலயும் வகுக்கணும், சுமார் 100தான் வரும், கிளாஸ்ல ஒரு பக்கத்து ரிஃப்ளெக்ஷன் 4.3 சதவீதத்துல இருந்து 1.3க்கு இறங்கும். 137 போட்டா கோட்டிங் 760 நானோமீட்டர் பக்கம் ட்யூன் ஆகி நிக்கும், கண்ணுக்கு பிரயோஜனமில்ல. அப்புறம் சாம்பிள சாய்ச்சா பாதை நீளுது, ஃபிரிஞ்ச் சிவப்பு பக்கம் போகும்னு தோணும், ஆனா நீலப் பக்கம்தான் போகும்.

ஃபிலிம் போடும்போது திக்னஸ் காட்டுற கிரிஸ்டல் மானிட்டரோட நம்பரையும் அப்படியே நம்பாதீங்க, அது அளக்குறது எடைய, டென்சிட்டியும் டூலிங் ஃபேக்டரும் (கிரிஸ்டல்ல படியுறதுக்கும் சாம்பிள்ல படியுறதுக்கும் உள்ள விகிதம்) சரியா குடுத்தாதான் அது திக்னஸ்.

சில நானோமீட்டர்ல என்ன ஆகிடப் போகுதுன்னு கேக்குறவங்களுக்கு கிராஃபீன் (ஒரு அணு தடிமன் கார்பன் படலம்) கதைதான் பதில்: 300 நானோமீட்டர் ஆக்சைடு இருக்கிற சிலிக்கான் மேல ஒரே ஒரு அணு தடிமன் லேயர் மைக்ராஸ்கோப்ல கண்ணுக்குத் தெரியும், அதே ஆக்சைடு 315 ஆனா ஒண்ணுமே தெரியாமப் போயிடலாம்னு கிராஃபீனுக்காக நோபல் வாங்கின ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டான்டின் நோவோசெலோவும் 2007லயே எழுதிட்டாங்க.