குரோமோசோம் முனையில் தேடுவோம்: ரத்தப் பொட்டில் பால்சிபாரம் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர்.

ஓசூர் சிப்காட் ஆலைகளிலும், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து கிரானைட் குவாரிகளிலும், செங்கல் சூளைகளிலும் ஒடிசா, ஜார்கண்ட், சத்தீஸ்கர் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். ஊருக்குப் போய்த் திரும்பியவரின் ரத்தத்தில் மலேரியாவை உண்டாக்கும் பால்சிபாரம் ஒட்டுண்ணி கொஞ்சமாக இருந்தால் காய்ச்சலே வராமல் இருக்கலாம். மைக்ரோ லிட்டருக்கு 50 ஒட்டுண்ணிக்குக் கீழே போனால் மைக்ராஸ்கோப் ஸ்லைடில் கண்ணுக்குப் படுவது அரிது. ரேபிட் கார்டுக்கு 100, 200 வேண்டும். அதற்கும் கீழே தேட வேண்டுமானால், டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பிரதியெடுத்துக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர்.தான். அதிலும் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தைக் குறிவைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன்.

பால்சிபாரத்துக்கு 14 குரோமோசோம். அப்படியென்றால் 28 முனை. ஒவ்வொரு முனையின் நுனியிலும் அதை மூடிக் காக்கும் டெலோமியர். அதை ஒட்டி உள்பக்கமாக டேர்-1 முதல் டேர்-6 வரை எனப் பெயரிட்ட, திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. துண்டுகள். அவற்றைத் தாண்டினால் 'வார்' எனப்படும் மரபணுக்கள். டேர்-2 என்பது சுமார் 135 எழுத்து (டி.என்.ஏ.வின் ஏ, டி, சி, ஜி) நீளமுள்ள துண்டு, ஒரு முனையிலேயே பல தடவை அடுக்காக வரும். மொத்த மரபணுத் தொகுதியில் சுமார் 250 பிரதி. மலேரியா பி.சி.ஆரில் வழக்கமாகக் குறிவைக்கும் 18எஸ் மரபணுவுக்கோ பத்துக்கும் குறைவு.

நுனியில் உள்ள டெலோமியரையே ஏன் குறிவைக்கக் கூடாது என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். மனிதனின் டெலோமியர் எழுத்துக்கள் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி. ஒட்டுண்ணியினுடையது டி-டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி, அல்லது மூன்றாவது டி இருக்கும் இடத்தில் சி. ஓர் எழுத்துதான் கூடுதல். ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான வெள்ளை அணுக்கள், ஒவ்வொன்றிலும் 92 முனை. அந்தக் கூட்டத்தில் ஒட்டுண்ணியின் குரல் கேட்காது. அதனால் டேர்-2தான் சரி.

முதலில் ரத்தப் பொட்டு. விரலைக் குத்தி, தடிமனான வடிதாளில் சுமார் 50 மைக்ரோ லிட்டர் விழவிடுங்கள். தாளைத் தொட்டுத் தேய்க்காதீர்கள். நிழலில் குறைந்தது நான்கு மணி நேரம் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவு முழுக்க விடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததை ஜிப் கவரில் போட்டால் இரண்டே நாளில் பூஞ்சை. ஒவ்வொரு பொட்டுக்கும் தனிக் கவர், உள்ளே சிலிகா ஜெல் பொட்டலம். ஜெல்லின் நிறம் மாறியதுமே பொட்டலத்தை மாற்றுங்கள். கவரை டூவீலர் பெட்டிக்குள் வைத்து மே மாத வெயிலில் நிறுத்தாதீர்கள். டியூபில் ரத்தம் எடுப்பதானால் ஈ.டி.டி.ஏ. டியூபில் எடுங்கள், ஹெப்பாரின் பி.சி.ஆரையே முடக்கிவிடும்.

அடுத்து டி.என்.ஏ. பிரிப்பு. 3 மில்லிமீட்டர் பஞ்சிங் கருவியால் காய்ந்த பொட்டில் மூன்று வட்டம் வெட்டுங்கள். ஒரு வட்டத்தில் சுமார் 3 மைக்ரோ லிட்டர் ரத்தம், மொத்தம் 9. ஒவ்வொரு பொட்டுக்கும் நடுவில் வெறும் தாளில் நான்கைந்து தடவை குத்தி, கருவியை ப்ளீச்சில் துடைத்து, தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். பாஸ்பேட் கரைசலில் கலந்த 0.5 சதவீத சாப்போனின் (ரத்த அணுக்களை உடைக்கும் பொருள்) 1 மில்லி லிட்டர் ஊற்றி, 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெறும் பாஸ்பேட் கரைசலில் அரை மணி நேரம் அலசுங்கள். வட்டங்கள் வெளுத்திருக்க வேண்டும். சிவப்பு மிச்சமிருந்தால் ஹீமோகுளோபின் போகவில்லை, மறுபடி அலசுங்கள்.

பிறகு 20 சதவீத செலெக்ஸ் (உலோக அயனிகளைப் பிடிக்கும் பிசின் மணிகள்) 50 மைக்ரோ லிட்டர், தண்ணீர் 150. செலெக்ஸ் மணிகள் அடியில் தங்கும் என்பதால் கலக்கிக்கொண்டே, நுனி வெட்டிய பிப்பெட் டிப்பால் எடுங்கள். 95 டிகிரிக்கு மேல் பத்து நிமிடம். நடுவில் இரண்டு தடவை வார்டெக்ஸ் கருவியில் குலுக்குங்கள். சென்ட்ரிபியூஜில் சுற்றி மேல்நீரை மட்டும் வேறு டியூபுக்கு மாற்றி, மறுபடி ஒரு சுற்று. ஒரு செலெக்ஸ் மணி தப்பி வந்தாலும் அது பி.சி.ஆருக்கு வேண்டிய மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், வினை நடக்காது.

பி.சி.ஆர். கலவை, பிளேட்டின் ஒரு குழிக்கு 20 மைக்ரோ லிட்டர்: இருமடங்கு சைபர் கிரீன் கலவை (பிரதி கூடக் கூட ஒளிரும் சாயம் உள்ளது; அந்த ஒளிதான் திரையில் வளைவாக எழும்) 10, பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் இரண்டு பிரைமரில் ஒவ்வொன்றும் (10 மைக்ரோமோலார்) 0.6, தண்ணீர் 3.8, டி.என்.ஏ. 5. என்சைம் கேட்கும் நேரத்துக்கு 95 டிகிரி, பிறகு 95 டிகிரியில் 15 விநாடி, 60 டிகிரியில் ஒரு நிமிடம், 45 சுற்று. இந்த ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வில் ஏ, டி எழுத்துக்கள் 80 சதவீதம் இருப்பதால் வழக்கமான 72 டிகிரி நீட்டிப்பு வேண்டாம். 60 டிகிரியில் பதமாக நடக்கும்.

கணக்கைப் பாருங்கள். 200-இல் 5 எடுத்தால், குழிக்குள் போவது 0.22 மைக்ரோ லிட்டர் ரத்தத்தின் டி.என்.ஏ. மைக்ரோ லிட்டருக்கு ஓர் ஒட்டுண்ணி, எதுவும் வீணாகவில்லை என்று வைத்தால், ஒரே பிரதி உள்ள மரபணு ஐந்து குழிக்கு ஒன்றில்தான் விழும். டேர்-2 என்றால் ஒரே குழியில் சுமார் ஆறு முனை வந்து சேரும். நீண்ட டி.என்.ஏ. உடைந்து 28 முனையும் தனித்தனியாகப் பிரிவதே நமக்கு லாபம்.

இதே குணம்தான் எண்ணிக்கை சொல்லவிடாமலும் தடுக்கிறது. முனைகள் உடையும், குட்டையாகும், ஒன்றோடொன்று துண்டு மாற்றிக்கொள்ளும். ஒரு ரகத்தில் 250 பிரதி இருந்தால் இன்னொன்றில் அதே அளவு இருக்காது. பல ஆண்டு ஆய்வகத்தில் வளர்த்த ரகங்களிலும் முனை தொலைந்ததுண்டு: டிடி2 ரகத்தில் 8-ஆம் குரோமோசோமின் முனையோடு எச்.ஆர்.பி.-2 என்ற புரதத்தின் மரபணுவும் போய்விட்டது. ஆகவே டேர்-2 சி.டி. எண்ணை (எத்தனையாவது சுற்றில் ஒளி எழுந்தது என்பதை) வைத்து 'இத்தனை ஒட்டுண்ணி' என்று அறிக்கை எழுதாதீர்கள். இருக்கிறதா, இல்லையா, அவ்வளவே. எண்ணிக்கை வேண்டுமானால் 18எஸ் தனியாக ஓட்டுங்கள். முனை உடைவதால் இன்னொரு விளைவும் உண்டு. எச்.ஆர்.பி.-2 இழந்த ஒட்டுண்ணியை அந்தப் புரதத்தைத் தேடும் ரேபிட் கார்டு காட்டாது. கார்டு நெகட்டிவ், ஸ்லைடில் பால்சிபாரம் என்று வந்தால் கார்டைக் குறை சொல்லிவிட்டு நகராமல் அந்தப் பொட்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பி.சி.ஆர். முடிந்ததை ஜெல்லில் ஓட்டினால் ஏணிப்படி மாதிரி பட்டைகள் தெரியும். பயப்பட வேண்டாம்; பிரைமர் அடுத்த துண்டிலும், அதற்கடுத்த துண்டிலும் ஒட்டுவதால் வருவது. பிரதிகளைச் சூடாக்கிப் பிரியும் வெப்பநிலையைக் காட்டும் உருகுவளைவும் அகலமாக இருக்கும். பாசிட்டிவ் கண்ட்ரோலின் (பால்சிபாரம் இருப்பது உறுதியான மாதிரியின்) உச்சியோடு ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

உண்மையான ஆபத்து மாசு. இவ்வளவு நுணுக்கமான சோதனையில் காற்றில் பறந்த துளியும் பாசிட்டிவ் ஆகும். கலவை ஓர் அறையில், டி.என்.ஏ. சேர்ப்பது இன்னொன்றில், பி.சி.ஆர். முடிந்த பிளேட்டை இந்த இரண்டு அறைகளிலும் திறக்கவே வேண்டாம். ஒவ்வொரு ஓட்டத்திலும் தண்ணீர் மட்டும் மூன்று குழி, பத்துப் பொட்டுக்கு ஒரு வெற்றுத் தாள். வெற்றுத் தாளில் வளைவு எழுந்தால் அந்தத் தொகுதி முழுவதும் செல்லாது.

டேர்-2 பால்சிபாரத்தை மட்டும் பிடிக்கும். தமிழ்நாட்டில் அதிகம் வருவது வைவாக்ஸ் என்ற வேறு மலேரியா ஒட்டுண்ணி. அதற்கு மைட்டோகாண்ட்ரியாவின் காக்ஸ்-1 மரபணுவைக் குறிவைக்கும் இன்னொரு பி.சி.ஆரும் அதே டி.என்.ஏ.வில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் 'மலேரியா இல்லை' என்று எழுதும் உரிமை நமக்கில்லை.

ஒவ்வொரு பொட்டையும் இரண்டு குழியில் ஓட்டுங்கள். இரண்டிலும் எழுந்தால் பாசிட்டிவ். ஒன்றில் மட்டும் எழுந்தால் அதே தாளிலிருந்து புதிதாக மூன்று வட்டம் வெட்டி முதலிலிருந்து தொடங்குங்கள். அதற்காகவே பொட்டில் பாதியை எப்போதும் வெட்டாமல் மிச்சம் வைக்க வேண்டும்.